ரோம் 476ல விழுந்துச்சா? அதுக்கப்புறம் அதை நடத்திட்டுப் போனவங்க யாரு?

ரோமப் பேரரசு 476ல விழுந்துடுச்சே, அதுக்கப்புறம் அந்தப் பண்பாட்டை எடுத்துட்டுப் போனது யாரு, பைசாண்டியமா, ஜெர்மன்காரங்களா, சர்ச்சா, துருக்கியா, ரஷ்யாவான்னு கேட்டிருக்கீங்க. நல்ல கேள்வி. ஆனா கேள்விக்குள்ளயே ஒரு தப்பு உக்காந்திருக்கு, அதை முதல்ல எடுத்துடலாம், இல்லன்னா மிச்சம் எதுவும் சரியா பிடிபடாது.

476ல நடந்தது என்னன்னா, இத்தாலியில ரோம ராணுவத்துக்குள்ளயே இருந்த ஜெர்மானிய வீரர்களோட தலைவன் ஓடோவாகர், ரோமுலஸ் அகஸ்டுலஸ்ங்கிற சின்னப் பையனை அரியணையில இருந்து இறக்கிட்டான். பையனைக் கொல்லக்கூட இல்ல, வருஷத்துக்கு இவ்ளோன்னு பணம் ஒதுக்கி தெற்கு இத்தாலியில கம்பானியா பக்கம் அனுப்பி வச்சுட்டான். ராஜ உடை, சின்னங்கள் எல்லாத்தையும் கிழக்குத் தலைநகரான கான்ஸ்டான்டினோப்பிளுக்கு, அதாவது இன்னைக்கு இஸ்தான்புல்லுக்கு அனுப்பிட்டாங்க. அங்க சீனோன்னு கிழக்குப் பகுதியோட பேரரசர் இருந்தார். ரோம்ல இருந்த செனட் அவருக்கு சொல்லி அனுப்பின சேதி, இனிமே ரெண்டு பேரரசர் வேணாம், நீங்க ஒருத்தரே போதும்ங்கிறதுதான். அப்போ அன்னைக்கு உயிரோட இருந்தவங்க பார்வையில பேரரசு எங்க விழுந்துச்சு? ரெண்டு பேர் பார்த்துட்டிருந்த நிர்வாகம் ஒருத்தர் கைக்குப் போச்சு, அவ்ளோதான். இத்தாலி கை நழுவிப் போனது பெரிய இழப்புதான், அதை நான் குறைச்சு சொல்லல, ஆனா நாடு இருந்துச்சு, வரி வசூல் ஆச்சு, படை இருந்துச்சு, சட்டம் இருந்துச்சு, அடுத்த 977 வருஷம் கிழக்குல அது நடந்துச்சு, நடுவுல 1204ல சிலுவைப் போர்க்காரங்க தலைநகரைப் பிடிச்சு 57 வருஷம் வச்சிருந்தது தவிர.

அதனால கான்ஸ்டான்டினோப்பிளை "வாரிசு"ன்னு சொல்றதே எனக்கு உறுத்தும். செத்தவங்களுக்குத்தான் வாரிசு. இவங்க அதே வீட்டுல குடியிருந்தவங்க. மத்த எல்லாரும் பாகப்பிரிவினையில ஆளுக்கொரு சாமானை எடுத்துட்டுப் போனவங்க, அதுல சில பேர் எடுத்துட்டுப் போனதை ரொம்ப நல்லா வச்சுக்கிட்டாங்க, அதையும் சொல்றேன்.

கிரேக்கம் பேசினவங்க எப்படி ரோமர் ஆவாங்கன்னு உடனே கேப்பாங்க. 212ல கராகல்லாங்கிற ரோமப் பேரரசர் ஒரு ஆணை போட்டார், பேரரசுக்குள்ள இருக்கிற அடிமை இல்லாத எல்லாரும் இனிமே ரோமக் குடிமக்கள்னு. வரி அதிகமா வரணும்ங்கிறதுக்காக போட்டார்னு அந்தக் காலத்து ஆளே ஒருத்தர் எழுதி வச்சிருக்கார், காரணம் எதுவா இருந்தாலும் விளைவு பெருசு. அன்னையிலிருந்து எபேசஸ்ல இருக்கிற துணி வியாபாரியும் ரோமன், அந்தியோக்கியாவுல இருக்கிற வாத்தியாரும் ரோமன். வீட்ல பேசுறது கிரேக்கமோ சிரியாக்கோ, அது வேற விஷயம். பேரரசர் கான்ஸ்டன்டைன் 330 மே 11ல கான்ஸ்டான்டினோப்பிளைப் புது தலைநகரா தொடங்கி வச்சப்போ செனட்டும் அங்க வந்துச்சு, தேரோட்டப் பந்தயமும் வந்துச்சு, எகிப்து கோதுமையில இலவச ரொட்டி குடுக்குற வழக்கமும் வந்துச்சு. அந்த ரொட்டி 618 வரைக்கும் ஓடுச்சு, பாரசீகர்கள் எகிப்தைப் பிடிச்சப்புறம்தான் நின்னுச்சு. ரோம்ல இருந்த பழக்கத்தை மொத்தமா கொண்டுவந்து இறக்கின ஊர் அது.

அந்த மக்கள் தங்களை ரோமயோய்னுதான் சொல்லிக்கிட்டாங்க, அதாவது ரோமர்கள். "பைசாண்டியம்"ங்கிறது கான்ஸ்டன்டைன் வர்றதுக்கு முன்னாடி அந்த இடத்துல இருந்த பழைய கிரேக்க ஊரோட பேரு. அதை மொத்த நாட்டுக்கும் பேரா வச்சு பரவ விட்டது ஹியரோனிமஸ் வோல்ஃப்ங்கிற ஜெர்மன் அறிஞர், 1557ல, அந்த நாடே அழிஞ்சு நூறு வருஷத்துக்கு மேல ஆனப்புறம். உயிரோட இருந்த காலத்துல கேட்டே இராத பேரை செத்தப்புறம் ஒட்டி வச்சுட்டோம். எனக்கு இதுல உண்மையிலேயே வருத்தம் உண்டு, ஒரு ஜனம் தன்னை என்னன்னு சொல்லிக்குச்சோ அதைக் கேக்கிறதுதான் நியாயம்.

பேரு மட்டும்தானான்னா, இல்ல. ரெண்டு விஷயத்தை கொஞ்சம் கிட்ட போய் பாருங்க.

ஒண்ணு காசு. கான்ஸ்டன்டைன் கொண்டுவந்த சாலிடஸ்ங்கிற தங்கக்காசு, ஒரு ரோம ராத்தல் தங்கத்துக்கு 72 காசு, ஒவ்வொண்ணும் ஏறக்குறைய 4.5 கிராம். நம்ம கணக்குல சொன்னா அரை பவுனைவிட கொஞ்சம் கூட. 4ம் நூற்றாண்டு தொடக்கத்துல வந்த இந்தக் காசோட எடையையும் தரத்தையும் 11ம் நூற்றாண்டு வரைக்கும் பெருசா கெடாம காப்பாத்தினாங்க. யோசிச்சுப் பாருங்க, எழுநூறு வருஷம் ஒரு காசு மாத்து குறையாம இருந்திருக்கு. ஒரு நாடு வரியைத் தங்கமா வாங்கி படைக்கும் அதிகாரிக்கும் தங்கமா சம்பளம் குடுத்துக்கிட்டே இருந்தாத்தான் இது முடியும். 6ம் நூற்றாண்டுல அலெக்சாண்டிரியாவைச் சேர்ந்த காஸ்மாஸ்ங்கிற வியாபாரி ஒரு சம்பவம் எழுதியிருக்கார், நடந்த இடம் இலங்கை. சோபாத்ரோஸ்னு ஒரு ரோம வியாபாரியும் ஒரு பாரசீக வியாபாரியும் இலங்கை ராஜா முன்னாடி நிக்கிறாங்க, உங்க ரெண்டு பேர் ராஜாவுல யாரு பெரியவர்னு ராஜா கேக்கிறார். பாரசீகக்காரர் எங்க ராஜாதான்னு அளக்கிறார். சோபாத்ரோஸ், ரெண்டு ராஜாவும் இங்கயே இருக்காங்க, காசை எடுத்துப் பாருங்கன்னு சொல்றார். ஒரு பக்கம் பளபளன்னு தங்கம், இன்னொரு பக்கம் வெள்ளி. ராஜா ரோமர் பக்கம் தீர்ப்பு சொல்லி சோபாத்ரோஸை யானை மேல ஏத்தி ஊர்வலம் விட்டாராம். இதே மாதிரி ஒரு கதையை காஸ்மாஸுக்கு கிட்டத்தட்ட ஐநூறு வருஷம் முன்னாடியே பிளினிங்கிற ரோம எழுத்தாளர் எழுதியிருக்கார், அதனால அப்படியே நடந்துச்சான்னு அடிச்சு சொல்ல வேணாம், ஆனா எழுதினவர் தன் நாட்டை என்ன பேர்ல சொல்றார்னு கவனிங்க. 476 முடிஞ்சு எழுபது வருஷத்துக்கும் மேல ஆச்சு, இன்னும் ரோமர்னுதான் சொல்றார். அந்தப் பிற்கால ரோமச் செப்புக்காசுகள் இலங்கையிலயும் தமிழ்நாட்டுலயும் நிறைய கிடைச்சிருக்கு.

ரெண்டாவது, 1042 ஏப்ரல்ல நடந்தது. ஐந்தாம் மைக்கேல்னு ஒரு பேரரசர், அரச குடும்பத்துல பிறந்தவர் இல்ல, வயசான பேரரசி ஸோயி அவரைத் தத்தெடுத்ததாலதான் பதவி கிடைச்சுச்சு. வந்து நாலஞ்சு மாசத்துல, ஏத்தி விட்ட அந்தம்மாவையே முடியை வெட்டி சன்யாசினி ஆக்கி தீவுக்குக் கடத்திட்டார். ஊருக்குள்ள சேதி பரவினதும் கடை எல்லாம் கிடந்தபடி கிடக்க ஜனம் தெருவுக்கு வந்துடுச்சு, வீட்டை விட்டு வெளிய வராத பொம்பளைங்க கூட வந்தாங்கன்னு அப்போ அரண்மனையில வேலை பார்த்த செல்லோஸ் எழுதி வச்சிருக்கார். அரண்மனையை முற்றுகை போட்டு உள்ள புகுந்து, ஒளிய ஓடின மைக்கேலைப் பிடிச்சு கண்ணைக் குருடாக்கி, ஸோயியையும் அவங்க தங்கச்சி தியோடோராவையும் சேர்த்து ஆட்சியில உக்கார வச்சாங்க. கொடூரம்தான். ஆனா இதுக்குள்ள இருக்கிற எண்ணம் பழைய ரோமோடது. நாடு பேரரசரோட சொந்த சொத்து இல்ல, அது ஜனங்களோடது, அவரு பார்த்துக்கிறதுக்கு வச்ச ஆளு. ரெஸ் பப்ளிகான்னு லத்தீன்ல சொன்னதைத்தான் இவங்க கிரேக்கத்துல பொலித்தேயான்னு சொன்னாங்க. அதே காலத்து மேற்கு ஐரோப்பாவுல சில இடங்கள்ல ராஜ்யத்தை பிள்ளைங்களுக்கு நிலம் பிரிச்சுக் குடுக்கிற மாதிரி பிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. அதனால கட்டடத்தையும் மொழியையும் மட்டும் வச்சு யாரு ரோமர்னு முடிவு பண்றவங்களை எனக்கு ஒத்துக்க முடியல.

சரி, மேற்குக்கு வரலாம். இத்தாலியில தியோடோரிக்னு, கோத்ங்கிற ஜெர்மானிய இனத்து ராஜா 493ல இருந்து 526 வரை ராவென்னாவில இருந்து ஆண்டார், அவர் ரோமைக் கலைக்கணும்னு நினைக்கவே இல்ல, செனட்டை வச்சுக்கிட்டார், பழைய கட்டடங்களைப் பழுது பார்த்தார், போயிதியஸ், காசியோடோரஸ் மாதிரி படிச்ச ரோமர்களைப் பதவியில வச்சிருந்தார். கடைசியில போயிதியஸை சந்தேகப்பட்டு கொன்னதும் அவரேதான்.

மேற்குல ரோமோட பெரிய பங்கு சர்ச்சுக்குத்தான் போச்சு, இதுல எனக்கு சந்தேகமே இல்ல. இன்னைக்கு பிஷப்போட எல்லையை டயோசீஸ்னு சொல்றோமே, அது டயோக்ளீஷியன்ங்கிற ரோமப் பேரரசர் காலத்து அரசாங்க நிர்வாகப் பிரிவோட பேரு. பசிலிக்கான்னு கோவிலைச் சொல்றோமே, அது ரோமர்களோட கோர்ட்டும் வியாபாரக் கூடமும் சேர்ந்த கட்டடம். லத்தீன்ல பூசை 1960கள் வரைக்கும் உலகம் பூரா நடந்துச்சு, நம்ம ஊர் கத்தோலிக்கப் பெரியவங்க யாரையாவது கேட்டுப் பாருங்க, அர்த்தம் தெரியாமலே மனப்பாடமா சொன்ன ஜெபங்கள் இன்னும் ஞாபகம் இருக்கும்.

அப்புறம் ஃப்ராங்க் இனத்து ராஜா சார்லமேன். 800 கிறிஸ்துமஸ் அன்னைக்கு ரோம்ல போப் மூன்றாம் லியோ அவர் தலையில கிரீடம் வச்சார். இவரோட ஆட்சியை ரோமப் பேரரசுன்னு சொல்றதுல எனக்கு பெரிய உடன்பாடு இல்ல, தங்கக்காசு இல்ல, நிரந்தரப் படை இல்ல, வரி நிர்வாகமும் பேருக்குத்தான். ஆனா ஒரு விஷயத்துக்காக அந்த மனுஷனுக்கு நாம கடன்பட்டிருக்கோம். எழுத்து. அவர் அரசவையும் அதைச் சுத்தி இருந்த மடங்களும் பழைய லத்தீன் நூல்களைத் தேடித் தேடி நகல் எடுத்தாங்க, அதுக்காக படிக்க சுலபமா, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா தெரியுற மாதிரி ஒரு சின்ன எழுத்து வடிவத்தை வளர்த்தாங்க. இன்னைக்கு நமக்குக் கிடைச்சிருக்கிற பெரும்பாலான லத்தீன் இலக்கியத்தோட பழைய பிரதி இந்த 9ம் நூற்றாண்டு நகல்தான். அறுநூறு வருஷம் கழிச்சு இத்தாலிய அறிஞர்கள் இந்தப் பிரதிகளைக் கண்டெடுத்தப்போ, இதுதான் அசல் ரோமர் கையெழுத்துன்னு நம்பி அதையே பின்பத்த, அச்சு வந்தப்போ அதுவே ரோமன் ஃபாண்ட் ஆயிடுச்சு. நீங்க தினம் பார்க்கிற ஆங்கிலச் சின்ன எழுத்தோட பரம்பரை இதுதான்.

சார்லமேன் வழியை 962ல ஜெர்மன் ராஜா ஓட்டோ எடுத்துக்கிட்டார், அதுதான் அப்புறம் புனித ரோமப் பேரரசுன்னு பேர் வாங்கி 1806ல நெப்போலியன் காலத்துல முடிஞ்சுச்சு. இதுக்கும் கான்ஸ்டான்டினோப்பிளுக்கும் எப்படி ஒத்துப்போச்சுன்னா, ஒத்தே போகல. 968ல ஓட்டோவோட தூதரா லியூட்பிராண்ட்னு ஒரு பிஷப் அங்க போயிருந்தார். அந்த நேரம் பார்த்து போப்கிட்ட இருந்து ஒரு கடுதாசி வருது, அதுல ஓட்டோவை ரோமர்களோட பேரரசர்னும் கான்ஸ்டான்டினோப்பிள்ல இருந்த நிகெபோரஸை கிரேக்கர்களோட பேரரசர்னும் எழுதியிருக்கு. கடுதாசி கொண்டுவந்தவங்களைத் தூக்கி ஜெயில்ல போட்டுட்டாங்க. ஒரு விலாசத்துல ஒரு வார்த்தை மாறினதுக்கு இவ்ளோ கோபமான்னு தோணும். அறுநூறு வருஷமா நீங்க இருக்கிற வீட்டுக்கு "வாடகைக்காரர் அவர்களுக்கு"ன்னு தபால் வந்தா எப்படி இருக்கும்?

கிழக்குப் பக்கம் முஸ்லிம் உலகத்துல இவங்களுக்குப் பேரு ரூம். குர்ஆன்ல 30வது அத்தியாயத்துக்கே பேரு அர்ரூம், ரோமர்கள்னு அர்த்தம், பாரசீகர்கள்கிட்ட ரோமர்கள் தோத்ததையும் திரும்ப ஜெயிப்பாங்கன்னும் அதுல வருது, அங்க சொல்றது இந்த கான்ஸ்டான்டினோப்பிள் ரோமர்களைத்தான். அனடோலியாவை செல்ஜுக் துருக்கியர் பிடிச்சு கோன்யாவில தலைநகர் வச்சப்போ தங்களை ரூம் சுல்தான்கள்னு சொல்லிக்கிட்டாங்க. ஆப்கானிஸ்தான் பக்கம் இருந்து வந்து கோன்யாவில வாழ்ந்து 1273ல காலமான ஜலாலுத்தீனை நாம ரூமின்னு சொல்றோமே, ரூம் நாட்டுக்காரர்னு அர்த்தம். தமிழ்ல மேற்கோள் போட்டு ஷேர் பண்ற ஒவ்வொரு ரூமி கவிதையிலயும் ரோம் ஒட்டிக்கிட்டு இருக்கு. அரபுகளோட தினாரும் ரோமர்களோட டெனாரியஸ்ல இருந்து வந்த பேருதான், முதல்ல அடிச்ச தங்கக்காசு சாலிடஸைப் பார்த்து அடிச்சதுதான்.

ஆனா பண்பாடு கைமாறுனதுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் குளியல். ரோமர்களோட பொதுக் குளியல் வீட்டுல குளிர் அறை, வெதுவெதுப்பான அறை, சூடான அறைன்னு வரிசையா போகணும், தரையைச் சின்னச் சின்னத் தூண் மேல நிறுத்தி, அடியில நெருப்போட சூட்டையும் புகையையும் ஓட விட்டு, சுவருக்குள்ள இருக்கிற குழாய் வழியா வெளிய விடுவாங்க. மேற்கு ஐரோப்பாவுல இந்தப் பழக்கம் பெருமளவு செத்துப்போச்சு. சிரியா, ஜோர்டான் பக்கம் உமையாக்கள்ங்கிற அரபு அரச வம்சம் எடுத்துக்கிச்சு, ஜோர்டான் பாலைவனத்துல குசைர் அம்ரான்னு 8ம் நூற்றாண்டுக் குளியல் மாளிகை இன்னும் நிக்குது, அதே மாதிரி சூடான அறையோட. அங்கிருந்தும் கான்ஸ்டான்டினோப்பிள் பழக்கத்துல இருந்தும் துருக்கி ஹமாம். அதே மூணு நிலை, அதே தரைக்கடியில சூடு, அந்த அடிப்பக்கத்துக்கு துருக்கியில பேரு ஜெஹென்னெம்லிக், நரகம்ங்கிற வார்த்தையில இருந்து வந்தது. மதம் மாறுச்சு, மொழி மாறுச்சு, அரசு மூணு தடவை மாறுச்சு, வெந்நீர் போடுற முறை மாறல.

1453 மே 29ல கான்ஸ்டான்டினோப்பிளைப் பிடிச்ச ஒட்டோமான் துருக்கி சுல்தான் இரண்டாம் மெஹ்மத் தனக்கு வச்சுக்கிட்ட பட்டங்கள்ல ஒண்ணு கைஸர்-இ-ரூம், ரோமோட சீசர். சும்மா ஜம்பம்னு தள்ளிடாதீங்க. காலியா கிடந்த ஊர்ல ஜனத்தைக் கொண்டுவந்து குடி வச்சார், 1454 தொடக்கத்துலயே ஜென்னடியோஸை ஆர்த்தடாக்ஸ் திருச்சபைத் தலைவரா உக்கார வச்சார், அதே தலைநகர், அதே ஹாகியா சோஃபியாங்கிற பெரிய கோவில் கட்டடம், 4ம் நூற்றாண்டுல பேரரசர் வாலன்ஸ் கட்டின நீர்ப்பாலத்தைக் கூட பழுது பார்த்து அவங்க ஓட்டினாங்க. எர்ஸுரும்ங்கிற ஊர்ப் பேருக்கே ரோமர் நிலம்னுதான் அர்த்தம். சட்டமும் நம்பிக்கையும் வேற, அதனால ரோமப் பேரரசுன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா ஜெர்மன்காரங்களை விட இவங்க உரிமை கோரினதுக்கு காரணம் அதிகம்னு சொல்வேன்.

ரஷ்யா? 1472ல மூன்றாம் இவான் கடைசிப் பேரரசரோட அண்ணன் தம்பி வகையில வந்த சோஃபியாவைக் கல்யாணம் பண்ணார், 16ம் நூற்றாண்டு தொடக்கத்துல ஃபிலோதேயோஸ்ங்கிற துறவி மாஸ்கோதான் மூன்றாவது ரோம்னு எழுதினார், 1547ல நாலாம் இவான் முறைப்படி ஜார் பட்டம் கட்டினார், ஜார்ங்கிறதும் சீசர்தான். மதமும் ஓவியமும் கோவில் கட்டுற முறையும் நிஜமான சொத்து. அரசியல் உரிமைங்கிறது ரொம்ப பலவீனம்.

எல்லாத்தையும் விட அதிக தூரம் போனது சட்டம். கான்ஸ்டான்டினோப்பிள் பேரரசர் ஜஸ்டினியன் 530ல டிரிபோனியன் தலைமையில ஒரு குழு போட்டார், ரெண்டாயிரம் புத்தகத்துல முப்பது லட்சம் வரியா சிதறிக் கிடந்த பழைய சட்ட அறிஞர்களோட கருத்தை எல்லாம் படிச்சு ஒண்ணரை லட்சம் வரியா சுருக்கி மூணே வருஷத்துல, 533ல டைஜெஸ்ட்னு வெளியிட்டாங்க. சொல்றவன்தான் நிரூபிக்கணும், மறுக்கிறவன் இல்லங்கிற விதியெல்லாம் அதுல இருக்கு. மேற்குல பல நூற்றாண்டு அதை யாரும் தொடல. 6ம் நூற்றாண்டுப் பிரதி ஒண்ணு பிழைச்சு பீஸா நகரத்துல இருந்துச்சு, 11ம் நூற்றாண்டு கடைசியில இருந்து பொலோனியாவில டைஜெஸ்ட்டை வரி வரியா பாடம் நடத்த ஆரம்பிச்சாங்க, ஐரோப்பா பூரா பசங்க வந்து படிச்சுட்டு ஊருக்குப் போய் நீதிபதி ஆனாங்க. ஹாலந்துல அது உள்ளூர் வழக்கத்தோட கலந்து ரோமன் டச்சு சட்டம் ஆச்சு, குரோஷியஸ்ங்கிற டச்சு சட்ட அறிஞர் 1631ல அதுக்கு ஒரு அடிப்படை நூல் போட்டார். டச்சுக் கம்பெனி 1658ல யாழ்ப்பாணத்தைப் பிடிச்சுச்சு. 1707ல அங்கத்துத் தமிழர் வழக்கத்தை தேசவழமைன்னு எழுதி சட்டமாக்கினதும் அவங்கதான். பிரிட்டிஷ்காரங்க வந்தும் 1799ல இருந்த சட்டமே தொடரட்டும்னு விட்டுட்டாங்க. அதனால இன்னைக்கும் இலங்கையோட பொதுச் சட்டத்துக்கு அடித்தளம் ரோமன் டச்சு, தேசவழமை எதைப் பத்தி பேசலையோ அங்க யாழ்ப்பாணத்துக்காரருக்கும் அதுதான். லீசியோ எனார்மிஸ்னு ஒரு கோட்பாடு உண்டு, நிலத்தை அதோட நியாயமான விலையில பாதிக்கும் கீழ வித்துட்டா வித்தவர் விற்பனையை ரத்து பண்ணக் கேக்கலாம்னு. டயோக்ளீஷியன் பேர்ல 285ல வந்த ஒரு பதில் கடுதாசி அது, ஜஸ்டினியன் தொகுப்புல சேர்ந்து, இத்தாலி, ஹாலந்து சுத்தி, கொழும்புக் கோர்ட்டுல வாதமாகி நிக்குது.

கடைசியா ஒண்ணு. 1912ல கிரேக்கக் கடற்படை லெம்னோஸ் தீவை ஒட்டோமான்கள்கிட்ட இருந்து பிடிச்சுச்சு. அந்தத் தீவுல பிறந்து பின்னாடி அமெரிக்காவுல வரலாற்றுப் பேராசிரியர் ஆன பீட்டர் சரானிஸ், அப்போ சின்னப் பையன், அன்னைக்கு நடந்ததைச் சொல்லியிருக்கார். கிரேக்க சிப்பாய்ங்க வந்து இறங்கினதும் ஹெலனீஸ், அதாவது கிரேக்கர்கள், எப்படி இருப்பாங்கன்னு பார்க்க ஊர்ப் பசங்க ஓடினாங்க. என்னடா இப்படி முறைச்சுப் பார்க்கிறீங்கன்னு ஒரு சிப்பாய் கேட்டார். ஹெலனீஸைப் பார்க்க வந்தோம்னு பசங்க. ஏன், நீங்களும் ஹெலனீஸ் இல்லையான்னு அவர் கேட்டதுக்குப் பசங்க சொன்னது: "இல்ல, நாங்க ரோமர்கள்."